குழு வந்த கிழமை

லாசாலில் ஆற்றுப் பக்கமாக இறங்கும் தெருவொன்றில் ஒரு மூன்று மாடிச் செங்கல் கட்டடம் இருந்தது. அதன் நிலக்கீழ் அறையில் தம்பிமுத்து இரண்டு வருடம் ஜனிற்றராக இருந்தார். மற்றவர்கள் ஓர் அப்பாட்மென்ற்றில் எட்டுப்பேர், பத்துப்பேர் என்று முறை வைத்துப் படுத்துக்கொண்டிருந்த காலம் அது. வந்த ஒரு வருடத்துக்குள் தனிக் கதவும் அதற்கொரு சாவியும் கிடைத்த தமிழர் அவராகத்தான் இருப்பார்.

ஊரில் அவர் திருகோணமலையில் ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பொய்லர் பார்த்தவர். எண்பத்தைந்தில் ஊர் எரிந்தபோது மனைவி புஷ்பவதியும் இரண்டு பெண்பிள்ளைகளும் வள்ளத்தில் இராமேஸ்வரம் போய் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்துகொண்டார்கள். தம்பிமுத்து கொழும்புக்குப் போய், கிழக்கு பேர்லின் வழியாகச் சுற்றி, மொன்றியலில் வந்து விழுந்தார். வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. பிரெஞ்சில் பொஞ்சூர், மெர்சி இரண்டும்தான் வரும். ஆங்கிலம் டொக்டர்மாரிடம் கேட்டுக் கேட்டுப் பொறுக்கியது.

அந்தப் பொய்லர் அனுபவம்தான் அவருக்கு இடம் பிடித்துக் கொடுத்தது. கட்டடத்துச் சொந்தக்காரர் மொசியே பொதேன் நாற்பது வயதுக்காரர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். எண்ணெயில் எரியும் பழைய பொய்லரைக் காட்டி, இதை உன்னால் பார்க்க முடியுமா என்று கேட்டார். தம்பிமுத்து அதன் பக்கத்தில் குந்தி, பர்ணரைத் திறந்து பார்த்து, முடியும் என்றார். அன்றே சாவி கைக்கு வந்தது. படிக்கட்டுக் கூட்டவேண்டும், பனி வழிக்கவேண்டும், குப்பையை வெளியே வைக்கவேண்டும், பொய்லரைப் பார்க்கவேண்டும். அதற்குப் பதிலாக பொய்லர் அறைக்கு அடுத்த அறையில் வாடகையில்லாமல் இருக்கலாம், கையில் கொஞ்சம் காசும் கிடைக்கும். முழுப் பெயரும் வாயில் நுழையாததால் பொதேன் அவரைத் 'தம்பி' என்றுதான் கூப்பிட்டார். தன்னைவிடப் பத்து வயது மூத்தவரைத் தம்பி என்கிறோம் என்று பொதேனுக்குக் கடைசிவரையும் தெரியாது. தமிழ்ப் பொடியன்கள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். தம்பிமுத்துவும் சேர்ந்து சிரித்தார்.

பொய்லரின் முகத்தில் வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் வட்டு ஒன்று இருந்தது. முதல் பனிக்காலம் தொடங்கியதும் பொதேன் சிவப்புப் பேனையால் அதில் ஒரு கோடு கீறினார். அதைத் தாண்டக்கூடாது. சனம் வந்து கேட்டால் பொய்லர் பழசு, இதற்குமேல் ஏறாது என்று சொல்லவேண்டும். தம்பிமுத்துவுக்கு முதலில் அது வாயில் வரவில்லை. அந்தப் பொய்லர் நல்ல பொய்லர். இன்னும் எவ்வளவோ ஏறும் என்று கையை வைத்தாலே தெரிந்தது. ஆனால் இரண்டு மாதம் அதையே திரும்பத் திரும்பச் சொன்னபிறகு, பொய்லர் பழசுதான் என்று அவருக்கே படத் தொடங்கிவிட்டது.

மேலே இருந்தவர்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு சோறு தின்றார்கள். கண்ணாடியில் உள்பக்கமாக ஐஸ் பிடித்தது. பொய்லருக்கு ஒட்டின சுவர் என்பதால் தம்பிமுத்துவின் அறையில் மட்டும் பெனியனோடு இருக்கலாம்.

இரண்டாவது பனிக்காலத்தில், எண்பத்தாறு மார்கழியில், இரண்டாம் மாடிக்குக் கௌரி என்ற யாழ்ப்பாணத்துப் பெண்ணும் அவள் புருஷன் உருத்திரமூர்த்தியும் கைக்குழந்தையோடு குடி வந்தார்கள். பிள்ளைக்குப் பதிவில் ஏதோ நீளமான பெயர். எல்லோரும் கிளி என்றுதான் கூப்பிட்டார்கள். தவழத் தொடங்கியிருந்த பெண்குழந்தை. உருத்திரமூர்த்தி பிளாஸ்ரிக் ஃபக்டரியில் பகல் வேலை. கௌரி நாள் முழுக்க அந்தக் குளிருக்குள் பிள்ளையோடு தனியே இருந்தாள்.

ஒருநாள் பின்னேரம் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி வந்தாள். கொஞ்சம் கூட்டி விடமுடியாதா என்று கேட்டாள். தம்பிமுத்து வழக்கமான பதிலைச் சொன்னார். அவர் கதவைத் திறந்தபோது உள்ளேயிருந்து வந்த வெக்கை அவள் முகத்தில் அடித்தது. அவள் பிள்ளையைக் கொஞ்ச நேரம் இங்கே வைத்திருக்கட்டுமா என்றாள். பிள்ளையின் மூக்கு நுனி சிவந்திருந்தது. அவரால் மறுக்க முடியவில்லை.

அன்றிலிருந்து பின்னேரங்களில் கௌரி பொய்லர் அறை வாசலில் ஒரு கம்பளியை விரித்துப் பிள்ளையைத் தவழ விட்டாள். வரும்போது அவருக்குத் தேத்தண்ணி கொண்டு வருவாள். அவர் தன் மகள்மாரைப் பற்றிச் சொல்வார். மூத்தவளுக்குப் பதினெட்டு, நல்ல வடிவாய்ப் பாடுவாள். முகாமில் தண்ணி எடுக்கப் போகும் வரிசையில்கூடப் பாட்டுத்தானாம் என்று தாய் எழுதியிருந்தாள். மொன்றியலுக்கு வந்தபிறகு தம்பிமுத்து ஆரோடும் உட்கார்ந்து கதைத்தது அந்த நாட்களில்தான். ஆறு மாதமாய்ச் சிரிக்காத மனிதர் பிள்ளையின் முன்னால் வாயைக் கோணிக் காட்டிச் சிரிப்பு மூட்டினார்.

பொதேன் சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் வந்து நின்றார். குழாயில் பிள்ளையின் உடுப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. பிள்ளை கம்பளியில் நித்திரை. பொதேன் சத்தம் போடவில்லை. கௌரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே போகும்வரை காத்திருந்துவிட்டு, நான் கட்டடம் நடத்துகிறேனா, பிள்ளை பார்க்கும் கார்தெரி நடத்துகிறேனா என்று கேட்டார். காப்புறுதிக்காரன் கண்டால் என்ன நடக்கும் என்று தெரியுமா என்றார். இன்னொரு தரம் கண்டால் அவர்களோடு சேர்த்து நீயும் வெளியே என்றார். போகும்போது குரலை மாற்றி, குடும்பத்தைக் கூப்பிட அலுவல் பார்க்கிறாய் அல்லவா, உனக்கு நிரந்தர வேலையும் வீடும் இருக்கிறதென்று நான் கையெழுத்து வைத்துத் தருவேன், பயப்படாதே என்று தோளில் தட்டினார்.

அடுத்தநாள் கௌரி வந்து கதவைத் தட்டியபோது தம்பிமுத்து உள்ளேதான் இருந்தார். கசெற்றில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதை நிறுத்தவும் இல்லை, எழும்பவும் இல்லை. "அண்ணை" என்று இரண்டு முறை கூப்பிட்டாள். பாட்டு அவளுக்கும் கேட்டிருக்கும். பிறகு படியேறிப் போகும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவள் கீழே வரவேயில்லை.

எல்லா வீட்டிலும் செய்ததைத்தான் அவளும் செய்தாள். மின்சார அடுப்பின் அவணை மூட்டி, அதன் கதவைக் கீழே இறக்கித் திறந்து விட்டு, குசினிக்குள் பிள்ளையை வைத்துக்கொண்டாள். தைப் பொங்கலுக்குப் பிந்திய கிழமை கடுங்குளிர். கௌரி பால் கரைக்கத் திரும்பிய நேரத்தில், எழும்பி நிற்கப் பழகிக்கொண்டிருந்த பிள்ளை, திறந்திருந்த அவண் கதவில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றியது.

முதலாம் மாடிப் படியைக் கூட்டிக்கொண்டு நின்ற தம்பிமுத்துவுக்குத்தான் முதலில் சத்தம் கேட்டது. விளக்குமாற்றை எறிந்துவிட்டு ஓடினார். கௌரி பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தாள். அவர் பிள்ளையைப் பறித்து, இரண்டு மணிக்கட்டையும் பிடித்துப் பைப்புக்குக் கீழே வைத்தார். பனிக்காலத்துப் பைப்புத் தண்ணி. பிள்ளை அழுவதை விட்டுவிட்டு வாயைத் திறந்தபடி அவரையே பார்த்தது. அவர் கையில் ஏதோ ஒட்டியது. பார்த்தபோது அது தோல். அம்புலன்ஸ் வரும்வரை அவர் அந்தக் கைகளை விடவில்லை.

பிள்ளை உயிரோடு திரும்பி வந்தது. கைகள்தான் சரிவரவில்லை. தோல் சுருங்கிப் பிடித்து விரல்கள் பாதி மடிந்தபடி நின்றன. வளர வளர வெட்டித் தைக்கவேண்டும் என்றார்களாம். அடுப்புக் கதவை ஏன் திறந்து வைத்தாய் என்று ஆஸ்பத்திரியில் கௌரியை விசாரித்தார்கள். பிள்ளையை அவள் கையில் விடலாமா என்றுகூட யோசித்தார்கள். அங்கே மொழிபெயர்க்க வந்தவன் நகுலேஸ்வரன் என்ற இளைஞன். பகலில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் வாடகைக் குடியிருப்பாளர் சங்கம் ஒன்றுக்கு உதவி செய்தவன். கௌரி சொன்னதை மொழிபெயர்த்து முடித்தபிறகும் அவன் அதை விடவில்லை.

அந்தப் பனிக்காலம் ஒட்டாவாவிலிருந்து பாராளுமன்றக் குழு ஒன்று நகரம் நகரமாகப் போய்க்கொண்டிருந்தது. வாடகை வீடுகளின் நிலைமை என்ன, வீட்டைச் சூடாக்கும் செலவை ஆர் ஏற்பது, அரசாங்கத்தின் திட்டங்கள் சரியாகப் போகின்றனவா என்று ஆராயும் குழு. நகுலேஸ்வரன் பிள்ளையின் கைகளைப் படம் எடுத்து அனுப்பினான். நேரில் வந்து பார்க்கிறோம் என்று பதில் வந்தது. சங்கத்தில் அன்று கேக் வெட்டினார்கள் என்று பிறகு கேள்வி.

ஆனால் குழு வருகிற செய்தி வீட்டுச் சொந்தக்காரருக்கும் முறைப்படி அறிவிக்கப்படவேண்டியதாக இருந்தது. மாசியில், குழு வருவதற்கு ஒரு கிழமை முந்தி, பொதேன் புதுப் பெயின்ற் வாளிகளோடு வந்து இறங்கினார். பொய்லர் அறைக்கு வந்து, துணியில் கொஞ்சம் திரவத்தை ஊற்றிச் சிவப்புக் கோட்டை அழித்தார். தன் கையாலேயே வட்டை முழுக்கத் திருப்பினார்.

குழாய்கள் இடித்துக்கொண்டு எழும்பின. பின்னேரத்துக்குள் கட்டடம் முழுக்க வெக்கை பரவியது. சனத்துக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. றேடியேற்றரைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார்கள். பெண்கள் தலை முழுகினார்கள். இரட்டைக் காற்சட்டையோடு திரிந்த பொடியன்கள் சாரத்தைக் கட்டிக்கொண்டு கடுதாசி விளையாடினார்கள். படியில் கண்டவர்களெல்லாம் தம்பிமுத்துவைப் பார்த்துத் தலையாட்டினார்கள். மூன்றாம் மாடிப் பொடியன் ஒருவன், பொய்லரை ஒரு மாதிரித் திருத்திப் போட்டீங்கள் போல என்று சொல்லி ஒரு பெட்டி பிஸ்கற் கொடுத்தான். அவர் அதை வாங்கிக்கொண்டார். மூன்றாம் நாளுக்குப் பிறகு வெக்கை தாங்காமல் ஜன்னல்களைத் திறக்கத் தொடங்கினார்கள். குறைக்கச் சொல்லிக் கேட்க வந்தவர்களுக்கு, இப்போது குறைக்க ஏலாது என்று தம்பிமுத்து சொன்னார்.

குழு ஒரு வியாழக்கிழமை முற்பகல் வந்தது. நாலைந்து பாராளுமன்ற உறுப்பினர், குறிப்பெடுக்க இரண்டு எழுதுவினைஞர்கள், ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர். தடித்த கம்பளிக் கோற்றோடு உள்ளே வந்தவர்கள் இரண்டாம் மாடிக்கு ஏறமுதல் வியர்த்துப் போனார்கள். கோற்றைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார்கள். மாசி மாதத்தில் தெருப் பக்கத்து ஜன்னல்களெல்லாம் திறந்து கிடந்ததை வெளியே நிற்கும்போதே பார்த்துவிட்டார்கள். குழுத் தலைவர் நரைத்த, மரியாதையான மனிதர். அவர் அதைச் சொல்லி இலேசாகச் சிரித்தார்.

இந்த ஒரு கிழமைதான் இந்தச் சூடு என்று நகுலேஸ்வரன் சொன்னான். நீங்கள் வருவதற்காகக் கூட்டியிருக்கிறார்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். சங்கத்துப் பிள்ளை சங்கத்துக் கதையைத்தான் சொல்வான் என்பதுபோல அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். பெண் உறுப்பினர் ஒருவர் கிளியின் கையை விரித்துப் பார்க்க முயன்றார். விரல்கள் விரியவில்லை. அவருடைய கண் கலங்கியது. நிலைமையைச் சரியாகச் சொல்லக்கூடியவர், இவர்கள் பக்கமும் சொந்தக்காரர் பக்கமும் இல்லாதவர் ஒருவர் இருக்கிறாரா என்று கேட்டார்.

பொதேன், ஜனிற்றர் இருக்கிறார், அவரும் இவர்களின் நாட்டவர்தான் என்றார்.

தம்பிமுத்து கௌரியின் வீட்டு வாசலில் நின்றார். பொதேன் அன்று காலையில் கொடுத்த புதுச் சேட்டைப் போட்டிருந்தார். மடித்த கோடு நெஞ்சில் அப்படியே தெரிந்தது. வழமையாகச் சூடு எப்படி என்று தலைவர் கேட்டார்.

தம்பிமுத்து ஆங்கிலத்தில் பதில் சொன்னார். எப்போதும் இதே சூடுதான் சேர் என்றார். எங்கள் சனம் வெயில் நாட்டுச் சனம், அடைத்த வீட்டில் இருந்து பழக்கமில்லை, ஜன்னலைத் திறந்து விட்டுவிட்டுக் குளிருது என்பார்கள் என்றார். பெண் உறுப்பினர் பிள்ளையின் கையைப் பற்றிக் கேட்டார். அது கவலையான விஷயம் என்றார் தம்பிமுத்து. எங்கள் ஊரில் அடுப்பு நிலத்தில்தான் இருக்கும், பிள்ளைகள் சுற்றித் திரியும், தாய் இளம் பெண், கவனம் போதாது என்றார். சொல்லச் சொல்ல ஆங்கிலம் தடங்கலில்லாமல் வந்தது. அவ்வளவு நீளமாக அவர் அந்த மொழியில் ஒருநாளும் கதைத்ததில்லை. எழுதுவினைஞர்கள் இருவரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள்.

கௌரிக்கு ஆங்கிலம் விளங்காது. அண்ணை என்ன சொன்னவர் என்று நகுலேஸ்வரனைக் கேட்டாள். அவன் மறைக்காமல் சொன்னான். அவள் பிள்ளையோடு தம்பிமுத்துவின் முன்னால் வந்து நின்றாள். பிள்ளை ஆளை மட்டுப்பிடித்து, சிரித்துக்கொண்டு மடிந்த கையை அவரிடம் நீட்டியது.

"இந்தக் கையைப் பிடிச்சுக்கொண்டு அதைத் திருப்பிச் சொல்லுங்கோ, அண்ணை," என்றாள்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மொழிபெயர்ப்பாளருக்குத் தமிழ் தெரியாது. தம்பிமுத்து பொதேனைப் பார்த்தார். பொதேன் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"எனக்குக் கீழ வேலை கிடக்குப் பிள்ளை," என்று சொல்லிவிட்டுத் தம்பிமுத்து படியிறங்கிப் போனார்.

அடுத்தநாள் காலையில் பொதேனின் தொலைபேசி வந்தது. தம்பிமுத்து வட்டைத் திருப்பினார். கோடு அழிந்திருந்தாலும் அது இருந்த இடம் அவருக்குத் தெரியும்.

கட்டடத்தில் அவரோடு ஒருவரும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிஸ்கற் தந்த பொடியன் படியில் காறித் துப்பிவிட்டு, கூட்டுவது உங்கட வேலைதானே என்றான். அவர் கூட்டினார். வசந்தம் பிறந்ததும் பொதேன், சமையல் அடுப்பை வீடு சூடாக்கப் பயன்படுத்தினார்கள் என்ற காரணத்தைக் காட்டிக் கௌரி குடும்பத்தை எழுப்பினார். வீட்டில் சூடு போதும் என்பதற்கு ஆதாரம் குழுவின் முன்னால் ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது. அவர்கள் ரொக்ஸ்பரோவில் உருத்திரமூர்த்தியின் தமையன் வீட்டுக்குப் போனார்கள். சாமான் ஏற்றியபோது தம்பிமுத்து உதவி செய்ய மேலே வந்தார். உருத்திரமூர்த்தி அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கி நிலத்தில் வைத்துவிட்டு, அவர் போனபிறகு மறுபடி தூக்கினான்.

குடும்பத்துக்காகத்தானே செய்தேன் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். புஷ்பவதிக்கு எழுதியபோது, அலுவல் எல்லாம் சரிவருகிறது, முதலாளி நல்ல மனிதர் என்று எழுதினார். கிளியைப் பற்றி எழுதவில்லை.

கோடையில் குழுவின் அறிக்கை வந்தது. பொதேன் அதில் ஒரு பிரதியைக் கையிலேயே கொண்டு வந்து, ஒரு பக்கத்தைத் திறந்து வாசித்துக் காட்டினார். லாசாலில் ஒரு கட்டடத்தைப் பார்த்தோம், அங்கே அகதியாக வந்த ஜனிற்றர் ஒருவரே வெப்பம் போதுமானது என்று உறுதிப்படுத்தினார், எண்ணெய்ச் செலவு தங்கள் கையிலிருந்து போகாதபோது குடியிருப்பவர்கள் வெப்பத்தை வீணாக்குகிறார்கள் என்று அதில் இருந்தது. பழைய எண்ணெய்ப் பொய்லர்களைக் கழற்றி, வீட்டுக்கு வீடு மின்சார ஹீற்றர் பூட்டி, கட்டணத்தை அவரவரே கட்டும்படி செய்யலாம் என்றும், மாற்றும் செலவில் ஒரு பங்கைச் சொந்தக்காரருக்கு அரசாங்கம் கொடுக்கலாம் என்றும் குழு சிபாரிசு செய்திருந்தது.

"பார் தம்பி, உன்னைப் பற்றி ஒட்டாவாவில் எழுதியிருக்கிறார்கள்," என்றார் பொதேன்.

தம்பிமுத்துவுக்கு அந்த நேரத்தில் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பெயர் போடவில்லையே என்றுகூட நினைத்தார். சிபாரிசின் அர்த்தம் அவருக்கு ஓடவில்லை.

இலையுதிர் காலத்தில் மின்சார வேலைக்காரர் வந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் சுவரோரமாக வெள்ளை ஹீற்றர்கள் பூட்டப்பட்டன. கீழே வரிசையாக மீற்றர்கள் ஏறின. கடைசியாகப் பொய்லரை நெருப்புச் சுவாலையால் வெட்டித் துண்டாக்கினார்கள். துண்டுகளைப் படியால் தூக்கி லொறியில் ஏற்றும் வேலை தம்பிமுத்துவுக்கு. இரண்டு நாள் தூக்கினார். கடைசித் துண்டைப் போட்டுவிட்டு முதுகை நிமிர்த்தியபோது பொதேன் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் உன்னைப் பொய்லருக்குத்தானே வைத்திருந்தேன். இப்போது பொய்லர் இல்லை," என்றார். கூட்டுவதற்கும் பனி வழிப்பதற்கும் ஒரு கொம்பனியோடு கதைத்தாயிற்றாம். நிலக்கீழ் அறையையும் பொய்லர் அறையையும் சேர்த்து வாடகைக்கு விடப்போகிறாராம். மாத முடிவில் சாவி வேண்டும் என்றார். தம்பிமுத்து கையெழுத்தைப் பற்றிக் கேட்டார். என்னிடம் வேலை செய்யாதவனுக்கு வேலை இருக்கிறதென்று எழுதினால் அது பொய் அல்லவா என்றார் பொதேன். அப்படிச் சொன்னபோது அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது.

மேலே இருந்த பொடியன்களிடம் தம்பிமுத்து போனார். கொஞ்ச நாளைக்கு ஒரு மூலை போதும் என்றார். இடமில்லை அண்ணை, ஆக்கள் கூட என்றார்கள். கதவு இடுக்கில், சுவரில் சாய்த்து வைத்திருந்த ஆளில்லாத மெத்தை ஒன்று தெரிந்தது. கதைத்த பொடியன் அவர் பார்வையைக் கண்டு, கதவைச் சாத்தாமல் இன்னும் கொஞ்சம் திறந்து விட்டான். மெத்தையை அவர் வடிவாகப் பார்க்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தான். வேறு கட்டடங்களிலும் அவர் கதை அவருக்கு முந்திப் போயிருந்தது. கார்த்திகை மாதத்து முதல் பனி விழுந்தபோது அவர் ஒரு தோற்பையோடு பழைய துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த ஆண்கள் தங்கும் மடத்துக்கு முன்னால் வரிசையில் நின்றார்.

அந்த வருடம் வீடற்றோருக்கான உலக ஆண்டு. மடத்து வாசலில் அதற்கொரு பெரிய துணி கட்டியிருந்தது. பொழுதுபட உள்ளே விடுவார்கள், விடிய எழுப்பி வெளியே விடுவார்கள். சப்பாத்தைத் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுக்கவேண்டும் என்பதை முதல் சோடி களவு போனபிறகு தெரிந்துகொண்டார். உதவிப் பணத்துக்குப் போனால் விலாசம் கேட்டார்கள். விலாசத்துக்கு வீடு வேண்டும், வீட்டுக்குப் பணம் வேண்டும். பகலில் மெற்றோவுக்குள் இருந்து கடைசி நிலையம் வரை போவதும் வருவதுமாக இருந்தார்.

புஷ்பவதியின் கடிதங்கள் லாசால் விலாசத்துக்குப் போய், புதிதாகக் குடி வந்தவர்களால் திருப்பி அனுப்பப்பட்டன. அது அவருக்குத் தெரியாது. அவரும் எழுதவில்லை. எந்த விலாசத்தைப் போட்டு எழுதுவது? தை பிறந்தபிறகு, மெற்றோவில் பேரின்பநாதன் என்ற திருகோணமலைக்காரரைக் கண்டார். ஒரே தெருவில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர் விலகிப் போகாமல் நின்று சுகம் விசாரித்தார்.

"உங்கட ஆக்கள் திரும்ப ஊருக்குப் போட்டினம் எல்லோ. இந்தியா ஒப்பந்தம் வந்த பிறகு கப்பல் விட்டவங்கள். உங்களுக்குத் தெரியாதே?" என்றார்.

தம்பிமுத்து தெரியும் என்றார். இன்னும் நாலு விஷயம் கேட்டால் தெரியாதென்பது வெளித்துவிடும் என்று, அடுத்த நிலையத்தில் அலுவல் இருப்பதாகச் சொல்லி இறங்கிக்கொண்டார். பெயர்ப் பலகைக்குக் கீழே இருந்த வாங்கில் அன்று மத்தியானம் வரை இருந்தார். மனுஷி கனநாள் பார்த்திருப்பாள், பதில் வராதபோது செத்துவிட்டேன் என்று நினைத்தாளோ, விட்டுவிட்டேன் என்று நினைத்தாளோ என்று யோசித்தார். விட்டுவிட்டேன் என்று நினைத்திருக்கக்கூடாது என்பதே பெரிதாக இருந்தது. செத்ததாக நினைத்திருந்தால் பரவாயில்லை.

எண்பத்தெட்டு மாசியில் நகுலேஸ்வரன் அந்த மடத்துக்கு வந்தான். இந்த வருடம் இன்னொரு பாராளுமன்றக் குழு, வீடற்றோருக்கான சேவைகள் எப்படி நடக்கின்றன என்று விசாரிக்க வருகிறது, மடத்தில் இருப்பவர்களில் சாட்சி சொல்லக்கூடியவர்களைத் தேடுகிறார்கள் என்றான். தம்பிமுத்துவை அங்கே காணுவான் என்று அவன் நினைத்து வரவில்லை. தாடியோடு முதலில் மட்டுப்பிடிக்கவும் இல்லை. தம்பிமுத்துதான் போய்க் கையைப் பிடித்தார்.

"நான் சொல்லுறன் தம்பி. எல்லாத்தையும் சொல்லுறன். என்ர பேரைப் போட்டு எழுதட்டும்."

நகுலேஸ்வரன் கொப்பியை மூடி, மறுபடி திறந்தான். பிறகு பெயரை எழுதிக்கொண்டான்.

விசாரணை ஒரு ஹொட்டேல் மண்டபத்தில் நடந்தது. வேறு தலைவர், வேறு உறுப்பினர்கள். தம்பிமுத்து முகம் வழித்து, மடத்தில் கடனாகக் கொடுத்த ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்தார். நடுங்காமல் தொடங்கினார். போன வருடம் தான் பொய் சொன்னதாகச் சொன்னார். சிவப்புக் கோட்டைப் பற்றிச் சொன்னார். கதவைத் திறக்காமல் இருந்த நாளைச் சொன்னார். பிள்ளையின் தோல் தன் கையில் ஒட்டியதைச் சொல்லத் தொடங்கியபோது தலைவர் மெல்லக் கையை உயர்த்தினார்.

தலைவர் கடுமையானவர் அல்ல. நீங்கள் சொல்வது மிகவும் துக்கமானது என்றார். ஆனால் வெப்பச் செலவு போன குழுவின் விஷயம், அதன் அறிக்கை சபையில் வைக்கப்பட்டு முடிந்துவிட்டது, இந்தக் குழுவுக்குக் கொடுத்த பொறுப்பில் அது வராது என்றார். பதிவிலும் இதைச் சேர்க்க ஏலாது என்று பக்கத்தில் இருந்த செயலாளரைப் பார்த்துச் சொன்னார். பிறகு தம்பிமுத்துவின் பக்கம் திரும்பி, நீங்கள் இப்போது தங்கியிருக்கும் மடத்தைப் பற்றிச் சொல்லலாமே என்றார். போர்வைகள் போதுமா?

தம்பிமுத்து நகுலேஸ்வரனைத் திரும்பிப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

"போதும் சேர்," என்றார்.

நன்றி சொன்னார்கள். வெளியே சாட்சிகளுக்கென்று சான்ட்விச் வைத்திருந்தார்கள். அவர் இரண்டு எடுத்தார். ஒன்றைத் தின்றார். மற்றதைக் கடுதாசியில் சுற்றி ஜக்கெற் பைக்குள் வைத்தார். நகுலேஸ்வரன் அவரை மடம் வரை கூட்டிப் போனான். அடுத்த கிழமை ரொக்ஸ்பரோவுக்குப் போனபோது, தம்பிமுத்து எல்லாவற்றையும் குழுவுக்கு முன்னால் ஒப்புக்கொண்டார் என்று கௌரியிடம் சொன்னான். அவள் பிள்ளையின் விரல்களுக்கு எண்ணெய் பூசி ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தாள். "அதுக்கு இப்ப என்னை என்ன செய்யச் சொல்லுறீங்கள்?" என்று கேட்டாள். அவள் அடுத்த விரலைப் பிடித்தாள். பிள்ளை கத்தத் தொடங்கியது.

அந்த வசந்தத்தில் புரோசார்ட்டில் ஓர் உணவகத்தில் தம்பிமுத்துவுக்குக் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. கூட வேலை செய்த ஹெய்ட்டிக்காரர் ஒருவர் தன் வீட்டில் ஓர் அறை கொடுத்தார். விலாசம் வந்ததும் திருகோணமலைக்கு எழுதினார். பல மாதம் கழித்துப் பதில் வந்தது, மூத்த மகள் எழுதியிருந்தாள். தனக்குக் கலியாணம் முடிந்துவிட்டதென்றும், தகப்பன் இடத்தில் மாமா நின்றார் என்றும், அம்மாவுக்கு இனி எழுதவேண்டாம் என்றும் அதில் இருந்தது. எழுத்து வடிவாக இருந்தது.

அவர் இன்னும் சில வருடம் அங்கேயே கோப்பை கழுவினார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றைத் தாண்டி நகரத்துக்குள் வருவார். மெற்றோவில் தமிழ்ச் சனம் ஏறினால், அவர்கள் இடம் மாறி இருப்பதற்கு முந்தி, தானே எழும்பி அடுத்த நிலையத்தில் இறங்கி, பின்னால் வரும் வண்டிக்காகக் காத்து நிற்பார்.